ஒற்றைக்கண் கழுதை

"மிலிட்டரி, அவசரம்! ராணுவ முகாம்ல காலைல ஆளுங்களை எப்படி எழுப்புவாங்க? சீக்கிரம் சொல்லுங்க!"

வாசல் கேட்டில் நின்றிருந்த காவலாளி, தரை அதிர ஒரு சல்யூட் வைத்த பிறகே வாயைத் திறந்தார். முறுக்கிய மீசை, முகம் பார்த்துத் தலைவாரலாம் போலப் பளபளக்கும் பூட்ஸ். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் 'மிலிட்டரி'தான்.

"எதுக்கு சார் திடீர்னு?"

மூன்றாம் மாடி பல் டாக்டர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். கையில் செல்போன், நெற்றியில் வியர்வை.

"நெட்ல ஒரு குரூப்ல சண்டை மிலிட்டரி. விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கறது நல்லதா, கெட்டதான்னு. ஒரு வேகத்துல, 'மலை முகாம்ல ஆறு வருஷம் நாலு மணிக்கு எந்திரிச்ச சிப்பாய் நான்'னு அடிச்சு விட்டுட்டேன்."

"நீங்களா? ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கிட்டே பால் பாக்கெட் எடுப்பீங்களே, அந்த நீங்களா?"

"மெதுவாங்க! 'கமாண்டர்'னு ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான். அவனும் அதே முகாம்லதான் இருந்தானாம். ஆறு மணிக்குள்ள நிரூபிக்கலைன்னா, என் கிளினிக் பேரைப் போட்டு 'போலி'ன்னு பரப்பிடுவானாம். பொய்யன்னு தெரிஞ்ச டாக்டர்கிட்ட எவன் வாயைத் திறப்பான்?"

மாலை மணி ஐந்து நாற்பது.

"விசில் அடிச்சு எழுப்புவாங்கன்னு போடுங்க."

டாக்டர் போட்டார். பதில் பாய்ந்து வந்தது. 'இதை சினிமா பார்த்தவன்கூடச் சொல்வான். அங்க இருந்தவனுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லு!'

காவலாளி மீசையைத் தடவியபடி தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை வெறித்துப் பார்த்தார். குரல் கனத்தது.

"எழுதிக்குங்க சார். விசில்காரனுக்கு முன்னாடியே எங்களை எழுப்புனது ஒரு ஒத்தைக்கண் கழுதை. மூட்டை சுமக்கறது. பேரு கர்னல். மூணே முக்காலுக்குக் கூடாரத்துக்குள்ள தலையை விட்டு ஒரு கத்து கத்தும் பாருங்க... கனவுல வந்தவங்ககூட எந்திரிச்சு ஓடிடுவாங்க!"

டாக்டருக்குப் புல்லரித்தது. ஒரு சொல் விடாமல் தட்டி அனுப்பினார். பிறகு இருவரும் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து ஐம்பது. ஐந்து ஐம்பத்தைந்து. டாக்டர் நகம் கடிக்க ஆரம்பித்தார்.

டிங்!

'நம்ம கர்னலா! ஐயோ, அந்தப் படுபாவிக் கழுதை என் தொப்பியையே தின்னுச்சே! இடது கண்தானே இல்லை? சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்க சகோதரா. சல்யூட்!'

டாக்டர் காவலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க! அனுபவிச்சவங்க வாயிலேர்ந்துதான் இப்படியெல்லாம் வரும். ஆமா, நீங்க எத்தனை வருஷம் ராணுவத்துல இருந்தீங்க?"

"ராணுவமா? நாடகக் கம்பெனில பதினெட்டு வருஷம் சிப்பாய் வேஷம் சார். ரெண்டாவது சீன்லயே செத்துடுவேன்."

டாக்டரின் கைகள் தளர்ந்தன. "அப்போ... அந்தக் கழுதை?"

காவலாளி செல்போனை வாங்கி, கமாண்டரின் பதிலை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அதான் சார் எனக்கும் புரியலை. அது என் வாயில பொறந்தே கால் மணி நேரம்தான் ஆகுது. அதுக்குள்ள எப்படிப் போய் அவர் தொப்பியைத் தின்னுச்சு?"