பழுதில்லாத வண்டி

ஒட்டன்சத்திரம் தாண்டியதும், ஆளில்லாமலும் ஓடக்கூடிய அந்தப் புதுக் கார் ஒரேயடியாகச் செத்துப்போனது. ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. தமயந்தி போன் செய்து வரவழைத்த மெக்கானிக் ஜபருல்லா பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். அவளோ வந்த வழியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி யாரும் வர்றாங்களாக்கா?"

"இல்ல தம்பி, சீக்கிரம் பாருங்க."

பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸ் ஒன்றுகூடப் போகவில்லை. எர்த் வயரையும் இழுத்துப் பார்த்துவிட்டு அவன் பானெட்டைச் சாத்தினான்.

"வண்டியில ஒரு பழுதும் இல்லக்கா. யாரோ எங்கிருந்தோ போன்லயே ஆஃப் பண்ணியிருக்காங்க. வண்டி யார் பேர்ல இருக்கு?"

"என் வீட்டுக்காரர் பேர்ல. அவருக்குத் தெரியாமத்தான் நாங்க..."

சொல்லி முடிக்காமலே பின் கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைத் தொடுவதற்குள் விளக்குகள் எல்லாம் எரிந்தன. கதவுகள் எல்லாம் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"வந்துருச்சுக்கா!" என்று ஜபருல்லா சந்தோஷமாகக் கத்தினான்.

முன் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் மட்டும் வந்த வழியைப் பார்த்து மெல்லத் திரும்பியது. மகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.