ஒப்படைத்த துப்பாக்கி

தோளில் துப்பாக்கியோடு ஒருத்தர் ஸ்டேஷன் படியேறினால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது?

ஏட்டு முருகலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

வந்தவர் இருளப்பசாமி. நரிக்குடிப் பக்கத்து விவசாயி. வெளுத்த வேட்டி, முறுக்கிய மீசை. துப்பாக்கியை மேஜை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"உள்ளாட்சித் தேர்தல் தேதி அறிவிச்சிட்டாகல்ல. துப்பாக்கிய ஒப்படைக்க வந்திருக்கேன் தாயி."

முருகலட்சுமி எடுத்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இது ஏர்கன்."

"ஆமா தாயி. மதுரையில மலிவா வாங்குனேன். கொட்டாங்குச்சிய வேலியில மாட்டி வச்சுச் சுடுவேன். சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு."

"சின்னக் குண்டு போடுறது, வேகமும் கம்மி. இதுக்கு லைசென்ஸே தேவையில்ல. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியத்தான் தேர்தலுக்கு ஒப்படைக்கணும். வாங்குன பில்லு பத்திரமா இருக்கட்டும். ஆளுகளப் பாத்தோ, ஆடு மாடு, பறவையப் பாத்தோ நீட்டிராதீங்க. அம்புட்டுத்தான். வீட்டுக்குக் கொண்டு போங்க."

"இல்ல தாயி. இங்கயே இருக்கட்டும்."

"தேவையில்லைன்னு சொல்றேன்ல?"

"பரவால்ல. சட்டத்த மதிக்கணும்ல?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கான்ஸ்டபிள் மதன்குமார் திரும்பினான்.

"அந்தக் காலத்துல பெரிய பண்ணைக்காரகதான் ரெட்டைக்குழல் துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைப்பாகளாம். ஐயாவுக்கும் அந்த ஆசை வந்துருச்சு போல."

இருளப்பசாமி கோபப்படவில்லை. "அப்படியே வச்சுக்கங்க தம்பி" என்றார்.

முருகலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. வெத்துப் பெருமை! 'என் துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கு' என்று ஊருக்குள் மீசையை நீவிக்கொண்டு சொல்ல வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும். தேர்தல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறபோது இவரோடு யார் மல்லுக்கட்டுவது?

"சரி, வச்சுட்டுப் போங்க. தேர்தல் முடிஞ்சதும் வந்து எடுத்துக்கங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

துப்பாக்கியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டக்கூட இல்லை. அதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"புடுங்கி வச்சுக்கிட்டாக மாப்ள! எம்புட்டோ கெஞ்சிப் பாத்துட்டேன். தர மாட்டேன்னுட்டாக!"

முருகலட்சுமிக்குச் சுர்ரென்று ஏறியது. புடுங்கினோமா? விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார்.

அங்கே பைக்கில் சாய்ந்து நின்ற ஆள் அவரைப் பார்த்ததும் முன்னால் வந்தான்.

"ஏட்டம்மா, எம்பேரு மருதுபாண்டி. இவரு எங்க மச்சான். ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேணாம்னு நான் செல்லுல பாத்தேனே? ரெண்டு நாளைக்கு இரவல் கேட்டு வந்தேன். இன்னைக்கே ஒப்படைக்கலைன்னா கேசாயிரும்னாரு. நாந்தான் பைக்குல கூட்டியாந்தேன். இப்ப என்னடான்னா புடுங்கிட்டீகளாம்!"

"நாங்களா புடுங்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

மருதுபாண்டியின் முதுகுக்குப் பின்னால் இருளப்பசாமி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. உள்ள வாங்க."

உள்ளே வந்ததும் முருகலட்சுமி பிடித்துக்கொண்டார்.

"எங்க மேலயே பழியப் போடுறீங்களா?"

"மன்னிச்சுக்க தாயி. அவுக என் தங்கச்சி புருசன். ரொம்ப வருசமாப் பேச்சுவார்த்தையே இல்ல. போன பொங்கலுக்குத்தான் எங்க வீட்டுப் படி ஏறுனாக. அந்த மாப்ள வாயத் தொறந்து ஒண்ணு கேக்கும்போது இல்லைன்னா, மறுபடியும் முறுக்கிக்கிருவாக. என் தங்கச்சி வாரதும் போறதும் நின்னு போகும்."

"அப்ப குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? ரெண்டு நாளைக்குத்தானே கேக்கிறாரு?"

இருளப்பசாமி வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவுக கடலைக்காட்டு வேலியோரத்துல, புதருக்குள்ள ஒரு பொட்ட மயிலு அடையில உக்காந்திருக்கு தாயி. நாலஞ்சு முட்டை. கிட்டப் போயி நின்னாலும் எந்திரிக்க மாட்டேங்குது. பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. கடலையக் கிண்டிருதுன்னு மாப்ளைக்கு அது மேல கோவம்."

"மயிலச் சுட்டா ஜெயிலுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். காட்டுக்குள்ள யாரு மச்சான் பாக்கப் போறாங்கிறாக."

மதன்குமார் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தான்.

"பொரிச்சு வர இன்னும் எத்தன நாளாகும்?" என்று கேட்டார் முருகலட்சுமி.

"ஒரு மாசம் விட்டாப் போதும் தாயி. குஞ்செல்லாம் தாய் பின்னால ஓடிரும். அதுக்குள்ள தேர்தல் முடிஞ்சிருமேன்னுதான் கவலையா இருக்கு."

முருகலட்சுமி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வந்து, டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"இந்தாங்க மருதுபாண்டி! தேர்தல் முடிஞ்சாலும் இந்தத் துப்பாக்கிய உடனே தர முடியாது. மேலிடத்துல இருந்து உத்தரவு வர எப்படியும் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க கடலைக்காட்டுப் பக்கம் தெனமும் ரோந்து இருக்கு. நானே வாரேன்!"