சொல்லிக் கொடுத்த பதில்கள்

மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டரிடம் தேதி வாங்கிய அன்றே, அம்மா அவளுக்கு டியூஷன் ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவள் அவள். ஊரார் பிள்ளைகளையே தேற்றிவிடுகிறவள், சொந்த மகளை விடுவாளா?

"டாக்டர் பேசினா அவங்க கண்ணைப் பார்க்கணும். கூப்பிட்டா உடனே திரும்பணும். எதையும் வரிசையா அடுக்கக் கூடாது. பொம்மை குடுத்தா அதுக்குச் சாப்பாடு ஊட்டணும்."

ஆறு வயது மகள் தலையாட்டினாள். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர்.

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. லிஃப்ட் ஏன் திணறுகிறது என்று பார்க்க வந்தவனிடம், அது நன்றாக ஓடுவது போலக் காட்டி அனுப்பினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

குறித்த தேதியில் மூவரும் போனபோது, டாக்டரம்மா தரையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மரக்கட்டைகள், ஒரு துணிப் பொம்மை. அவர் வாயைத் திறப்பதற்குள் சிட்டு முந்திக்கொண்டாள், அவருடைய வலது புருவத்தையே முறைத்தபடி.

"எனக்கு வயசு ஆறு. எனக்கு ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க. நீங்க கூப்பிட்டா நான் திரும்புவேன். இப்ப கூப்பிடுங்க."

கூப்பிட்டார். சிட்டு விறைப்பாகத் திரும்பினாள். பிறகு பொம்மையின் மூக்கில் ஸ்பூனால் ஒரு இடி இடித்துவிட்டு, "ஊட்டியாச்சு. அடுத்தது" என்றாள்.

அப்பா கர்சீஃபால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மாவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் தன் வேலைதான் என்று ஒப்புக்கொண்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாளோ அப்படியே பார்த்தால்தான் என்ன உதவி தேவை என்று தெரியும் என்றார். சிட்டுவிடம், இனிமேல் உன் இஷ்டம் போல விளையாடு என்றார்.

அவ்வளவுதான். மரக்கட்டைகள் சுவரோரமாக வரிசை கட்டின. சிட்டு கைகளை உதறி உதறிச் சிரித்தாள். டாக்டரம்மா ஒரு கட்டையை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்; அவர் கையைத் தள்ளிவிட்டுச் சரிசெய்தாள். அவளோடு விளையாடி, பேசி, பெற்றவர்களிடம் அவள் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் விசாரித்த பிறகு, ஆட்டிசம்தான் என்றார் டாக்டரம்மா. பயப்பட ஒன்றுமில்லை, பேச்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் கைகொடுத்தால் நன்றாக வருவாள் என்றும் சொன்னார்.

அப்பாவுக்கு மூச்சு வந்தது. அம்மாவுக்குக் கேட்க இன்னும் ஒன்று இருந்தது.

"இவளுக்குப் பாசமே தெரியாதுன்னு என் நாத்தனார் சொல்றாங்க டாக்டர். சில நேரம் எனக்கும் அப்படித்தான் தோணுது. நாங்க பக்கத்துல இருக்கோமா இல்லையான்னாவது இவளுக்குத் தெரியுமா?"

டாக்டரம்மா சிட்டுவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா சொல்லிக் குடுத்ததை எல்லாம் அப்படியே சொன்னியே, உனக்கு அது பிடிச்சிருந்துதா?"

"பிடிக்கல."

"அப்புறம் ஏன் சொன்னே?"

சிட்டு கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுறாங்க. நான் சரியா சொன்னா அழ மாட்டாங்க."