நல்ல கோழி யாருக்கு?

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சபையிலுள்ள பெனினாவின் கணவர் தோமா. போன மாதம் ஒரு நாள், கோயிலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு எல்லோரும் கைகழுவும்போது சொன்னார்.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. எங்கள் தீவின் சலேலோலோங்கா சந்தையில் பெனினா உப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கறிக்கடையில் லுப்பே நின்றாள். பெனினாவின் தம்பி செமிசியின் மனைவி.

"உள்ளூர்ப் பண்ணைக் கோழி என்ன விலை?"

"முப்பது தாலா. காலையில அறுத்தது."

"எதிர்க்கடையில குறைச்சுச் சொல்றாங்களே."

"அது நேத்து அறுத்தது. மோந்து பாத்தியா?"

லுப்பே எதிர்க்கடைக்குப் போய் மோந்தே பார்த்துவிட்டு வந்தாள். இங்கே ஒவ்வொன்றாக எடுத்து, நெஞ்சை அழுத்தி, தோலைத் தடவிப் பார்த்தாள்.

"போதும்மா, கோழிக்கே கழுத்து வலிக்குது" என்றாள் கடைக்காரி.

கடைசியில் இருப்பதிலேயே கொழுத்ததை எடுத்தாள். கூடவே, கப்பலில் வரும் உறைந்த கால்துண்டு ஒரு பை. மலிவு. பாதி ஐஸ், பாதி கொழுப்பு.

பெனினாவுக்கு வயிறு எரிந்தது. தம்பி மீன் பிடிக்கிறவன். பவளப்பாறை கிழித்த கால் புரையோடி, திங்கட்கிழமைதான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. 'காலையே எடுக்கணுமோ என்னவோன்னு டாக்டர் சொல்றார். இவளுக்குக் கொழுத்த கோழி கேக்குதா?'

மறுநாள் ஆராதனை முடிந்தது. வழக்கம்போல ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டுச் சாப்பாடு பாஸ்டர் வீட்டுக்கு வந்தது. எந்த வீட்டுத் தட்டில் என்ன என்று பார்க்காத கண் கிடையாது.

லுப்பே மூடியைத் திறந்தாள். கால்துண்டு.

"எங்கேடி அந்தக் கோழி?" என்றாள் பெனினா.

"எது அண்ணி?"

"நேத்து மாப்பிள்ளை பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தியே, அது."

பெண்கள் சிரித்தார்கள். லுப்பே தலையைக் குனிந்துகொண்டாள்.

"புருஷன் அங்கே படுத்துக் கிடக்கான். தேவனோட ஊழியக்காரருக்குக் கப்பல் கோழி, உனக்குப் பண்ணைக் கோழியா? இனிமே உன் தட்டு இந்தப் படி ஏற வேண்டாம்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. பாஸ்டர் வீட்டுக்குத் தட்டு போகாத குடும்பத்தை ஊரில் யார் மதிப்பார்கள்?

"விடு பெனினா, பாஸ்டர் எதையும் சாப்பிடுவார்" என்றார் பாஸ்டரின் மனைவி.

"வரேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு லுப்பே படியிறங்கிப் போனாள்.

பெனினா பரிமாறி, பாத்திரம் ஒழித்து, வீடு திரும்ப நேரமாகிவிட்டது. நல்ல பசி. தோமா பாயில் சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தார். ஈரப்பலா இலையைப் பிரித்தால், தேங்காய்ப்பாலில் வெந்த முழுக் கோழி!

ஜெபம் பண்ணிவிட்டு, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். பஞ்சு மாதிரி இருந்தது.

"யாரு கொண்டு வந்தா?"

"லுப்பேதான். இப்பதான் வச்சுட்டுப் போறா. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு, கேட்டா புகைங்கறா."

"லுப்பேயா?"

"ஞாயித்துக்கிழமைன்னா முதல் மீன் அக்காவுக்குன்னு உன் தம்பி இத்தனை வருஷமா கொடுத்தானில்ல? இந்த வாரம் மீன் இல்லையாம். நல்ல கோழியா பாத்து வாங்கிக் கொடு, அக்கா பங்கு நின்னுடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லிவிட்டானாம்."

"அப்ப அவங்க வீட்டுல?"

"கேட்டேன். அவளும் பிள்ளைங்களும் வாழைக்காய் அவிச்சுத் தின்னாச்சாம்."

வாயில் இருந்ததைப் பெனினாவால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

செமிசி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். இன்றைக்கு நீங்கள் ஜெபம் பண்ணும்போது, அந்தக் கால் பிழைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.