முன்வரிசையில் அஸ்கரி

இண்டூர்ப் பக்கத்துச் சிற்றூரில் கிராம சபை நடக்கிறது. சாமியானாவின் கிழிசல் வழியே இறங்கும் காலை வெயில் மைக்கின் மேல் விழுகிறது. அதைப் பிடித்தபடி கலைமணி நிற்கிறாள். பஸ் கேட்க எழுந்தவளுக்கு முதல் வார்த்தையே வரவில்லை. பழைய பழக்கத்தில் அவள் கண் முன்வரிசைக்குப் போகிறது. தையல்கடை அஸ்கரி நீல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாம் வகுப்புப் பேச்சுப்போட்டியிலும் இப்படித்தான், பச்சை ரிப்பனும் மடித்துக் கட்டிய சடையுமாக முன்னால் உட்கார்ந்திருந்தாள். கலைமணி திணறியபோதெல்லாம் அஸ்கரியின் உதடு ஒரு சொல் முன்னால் ஓடி, சத்தமில்லாமல் எடுத்துக்கொடுத்தது. அந்த உதட்டைப் பார்த்துப் பேசியே கலைமணி ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாக வாங்கினாள். இன்றைக்கு மனப்பாடம் செய்த பேச்சு எதுவும் இல்லை. அஸ்கரியின் உதடு மூடியே இருக்கிறது. “ஐயா, எட்டு மணி பஸ்ஸு எங்க ஊருக்குள்ள வரமாட்டேங்குதுங்க.” மேசைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. கலைமணி நிறுத்துகிறாள். அவர் நிமிரும்வரை காத்திருக்கிறாள். “பஸ்ஸ புடிக்க ரெண்டு மைலு நடக்க முடியாம எம் பொண்ணும் அஸ்கரி பொண்ணும் படிப்ப வுட்டுட்டு வூட்டுல குந்தியிருக்குதுங்க. நாளைக்கிக் காலையில எங்ககூட ஒருக்கா நடந்து பாருங்க. அப்பறம் முடியாதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறோம்.” அதிகாரி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவைத் திறக்கிறார். கலைமணி பேசிக்கொண்டே போகிறாள். முன்வரிசையில் அஸ்கரியின் உதடு தன்னையறியாமல் அசைகிறது, இந்த முறை ஒரு சொல் பின்னால்.