புது கோச்சின் அட்டாக்

"அருள்நாதன் நிக்கிற பக்கமே பந்தை எடுத்துக்கினு போவச் சொல்றீங்களே சார்! விழுப்புரம் டீம்லயே அவன்தான் மலை மாதிரி நிப்பான்!" என்று கத்தினான் தென்னரசு.

"மலையை உடைச்சா மத்ததெல்லாம் தானா விழும்பா. நான் கோச்சா, நீ கோச்சா?" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார் இருதய அருண்.

திண்டிவனம் ஃபுட்பால் டீமுக்கு அவர் கோச்சாக வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை நடுவில் புகுந்தே கோல் போட்டுவந்த தென்னரசுக்கு, இந்த வருடமாவது கப்பைத் தூக்கிவிட வேண்டும் என்று வெறி.

ஃபைனலில் கோச் சொன்னபடியே ஆடினார்கள். போன பந்தையெல்லாம் அருள்நாதன் குழந்தை கையிலிருக்கும் வாழைப்பழம் போலப் பிடுங்கிக்கொண்டான். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். சிறந்த ஆட்டக்காரர் பரிசு அருள்நாதனுக்கு. ஓடிப்போய் அவனை முதலில் கட்டிப்பிடித்தவர் இருதய அருண். என்ன பெருந்தன்மை என்று தென்னரசே உருகிப்போனான்.

அடுத்த மாதம் டீமுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை இருதய அருண். பெண் அருள்ராணி, அருள்நாதனின் ஒரே தங்கை.

"ரெண்டு வருஷமா மச்சான் பொண்ணு தர மாட்டேன்னாருப்பா. மேட்ச் முடிஞ்ச அன்னிக்கே சரின்னுட்டாரு" என்று கல்யாண விருந்தில் தென்னரசின் இலையில் கூடுதலாக ஒரு கறித்துண்டு வைத்தார் மாப்பிள்ளை.

கல்யாணமான கையோடு அவர் விழுப்புரத்துக்குக் குடிபோய், அந்த டீமுக்கே கோச்சும் ஆகிவிட்டார். அங்கே நடுவில் புகுந்துதான் அட்டாக்காம்.