சேஷகிரி வீட்டுச் சாமான்

"ருக்மிணி, பேப்பரைப் பிடி. ஏய், நீ இந்தக் குடையை எடுத்துக்கோ. பால் பாக்கெட் யார் கையில? சீக்கிரம், சீக்கிரம்!"

லிஃப்ட் வாசலில் சேஷகிரியின் அதட்டல். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிட்டையர் ஆனாலும் அதட்டல் ரிட்டையர் ஆகவில்லை. அந்த அடுக்குமாடியில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மூன்று பேர், ஆளுக்கொன்றாக அவர் சாமானைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

பிரிஸில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரி ஆசிரியை. வீட்டு வேலை செய்யும் பெண்களின் உரிமைக்காக பெங்களூரு முழுக்க மேடையேறுகிறவள். அவள் குடியிருக்கும் இடத்திலேயே தினமும் காலையில் இந்தக் கூத்து. இன்று விடுவதாயில்லை.

"ஸார், இவங்க என்ன உங்க அடிமையா? ஒரு பேப்பர் தூக்க உங்களுக்குக் கை இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம்?"

"லிஃப்ட் வந்துடுத்து. நகருங்கோ."

என்ன திமிர்! ருக்மிணியின் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள் பிரிஸில்லா.

"நீ வெறுங்கையோட போ ருக்மிணி. யார் கேக்கறாங்கன்னு நான் பார்க்கறேன்."

"ஐயோ, வேணாம்மா..."

"பயப்படாதே. ஏறு."

ருக்மிணி ஒரு காலை உள்ளே வைத்தாள். காவலாளி கிருஷ்ணப்பா ஓடி வந்தார்.

"ஏ ருக்மிணி, கையில சாமான் எல்லி, எங்கே? இறங்கு, இறங்கு. கேமராவுல பார்த்தா உன் கேட் பாஸ் போயிடும். படியில போம்மா."

ருக்மிணி முட்டியைப் பிடித்தபடி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். அவள் வேலை செய்வது ஒன்பதாவது மாடியில்.

"என்ன அநியாயம் இது? அவங்களுக்குன்னு இருக்கற லிஃப்ட் என்னாச்சு?" பிரிஸில்லா கத்தினாள்.

"அது கெட்டுப்போய் மாசக்கணக்காச்சு மேடம். இதுல வேலையாளுங்க ஏறக்கூடாது. குடியிருக்கறவங்களோட, அவங்க சாமானைத் தூக்கிட்டு வந்தா மட்டும் ஏறலாம். அசோசியேஷன் ரூல்."

"ருக்மிணி! எங்கே போறே? வா இங்கே!"

சேஷகிரிதான். பேப்பர் மறுபடி அவள் கைக்குப் போனது.

பிரிஸில்லா அந்தக் குடையைப் பார்த்தாள். வெளியே சுள்ளென்று வெயில். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: சேஷகிரியின் வீடு தரைத்தளத்தில். அவருக்கு லிஃப்டே தேவையில்லை.

"மன்னிச்சிடுங்க ஸார்..." குரல் இறங்கிவிட்டது. "இப்படி ஒரு ரூலுக்கு யார் ஸார் ஒத்துக்கிட்டாங்க?"

லிஃப்டுக்குள் நின்றபடியே அவர் சொன்னார்.

"மீட்டிங்ல என்னைத் தவிர எல்லாரும் கை தூக்கினா. நீங்களும்தான். மறுநாள் மேடைக்கு ஏதோ எழுதிண்டிருந்தேள், தலையை நிமிர்த்தாமலே தூக்கினேள்."